நல்லெண்ணத்தால் சிறுத்த வனம்

சென்னைக் கிண்டியிலுள்ள வனத்தைக் கில்பர்ட் ரோடெரிக்ஸ் என்ற ஆங்கிலேயரிடமிருந்து 1821-ஆம் ஆண்டில் 35,000 ரூபாய் கொடுத்துச் சர்க்கார் வாங்கிற்று என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. கவர்னர்களும் அவர்களுடைய விருந்தினரும் பட்டணத்தின் புழுக்கத்துக்குத் தப்பி வந்து இளைப்பாறவும், வேட்டையாடவும், குதிரையேறிப் பந்தாடவும் உபயோகப்பட்ட அந்தக் காட்டின் விஸ்தீரணம் ஒரு காலத்தில் ஏறத்தாழ 500 ஹெக்டேர். 1910-இல் அதைக் காப்புக்காடு என்று பிரகடனம் செய்து, அதிகாரபூர்வமான பாதுகாப்பும் அளித்தார்கள். இன்று கிண்டி தேசியப் பூங்கா என்ற பெயரோடு எஞ்சி நிற்பதோ 270 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலம். பாதிக்குக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றப் பங்கு எங்கே போயிற்று என்று விசாரிக்கப் புகுந்தால், நம் நாட்டில் ஏரிகளும் மேய்ச்சல் நிலங்களும் மறைந்த வழக்கமான கதையை, அதாவது இரவோடு இரவாகக் கல் நட்டு வேலி போட்டவர்களின் கதையை, இங்கே காண முடியவில்லை என்பதுதான் விசேஷம். கொடுத்தவர்கள் அரசாங்கத்தார், வாங்கிக்கொண்டவர்களும் பெரும்பாலும் அரசாங்கத்தைச் சேர்ந்தவர்களே, கொடுத்த காரணமோ ஒவ்வொன்றும் ஊரார் கைகூப்பி வரவேற்கத்தக்க காரணம்.

அந்தக் காரணங்களைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். 1956-இல் மகாத்மாவின் ஞாபகார்த்தமாகக் காந்தி மண்டபம் எழுந்தது. 1958-இல் வனத்தின் ஒரு பகுதி மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கைக்கு மாறி, மறு வருஷம் மேற்கு ஜெர்மனியின் ஒத்தாசையோடு ஐ.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கலாசாலை அங்கே பிறந்தது. அதே 1958-இல், பிரதமர் நேருவின் விருப்பத்துக்கு இணங்க, மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைப்பதற்கென்று வேறொரு பகுதி வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாம்பைக் கண்டால் அடிப்பதையே கடமையாகக் கருதியிருந்த ஜனங்களுக்கு அந்தப் பிராணியின் இயல்பை எடுத்துக்காட்ட வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கர் பாம்புப் பண்ணையை அங்கே நிலைநிறுத்தினார். 1974-இல் ராஜாஜிக்கும் 1975-இல் காமராஜருக்கும் நினைவாலயங்கள் அமைந்தன. 1961-க்கும் 1977-க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும், பெரும்பாலும் ஆளுநர் மாளிகையின் வசமிருந்த காட்டிலிருந்து, சுமார் 172 ஹெக்டேர் பற்பல இலாகாக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் காந்தி மண்டபத்தின் வளாகத்துக்குள்ளே பக்தவத்சலத்துக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும், 2023-இல் அயோத்திதாசப் பண்டிதருக்கும் நினைவு மண்டபங்கள் எழுந்திருக்கின்றன. இந்தப் பெயர்களில் எதை எடுத்துக்கொண்டு, இவருக்கு இங்கே இடம் கொடுத்திருக்கக் கூடாது என்று ஒருவர் வாய் திறக்க முடியும்?

கள்ளன் வந்தால் கூக்குரலிட்டு ஊரைக் கூட்டலாம்; சம்பந்தி வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கொல்லைப்புறத்தில் நாலு முழம் இடம் வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டால் என்ன செய்வது? கிண்டி வனத்துக்கு நேர்ந்தது இதுதான். கல்வியும், தேசபக்தியும், குழந்தைகளிடத்து வாஞ்சையும், பெரியோரிடத்து மரியாதையும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து கேட்டன. கேட்டவரெல்லாம் பெற்றுச் சென்றார்கள். நகரத்துக்குள்ளே இருக்கும் எந்த வனத்துக்கும் பெரிய அபாயம் துஷ்டர்களிடமிருந்து வருகிறது என்று எண்ணிப் பழகிவிட்ட நாம், நல்லவர்களுடைய நல்ல காரியங்களே அதைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும் என்ற விஷயத்தை இன்னமும் சரியாக உணரவில்லை என்பது என் அபிப்பிராயம். நிலம் கொடுக்கும் காலம் ஒருவாறு முடிந்துவிட்டது. ஆனால் நல்லெண்ணம் ஓயவில்லை. அது வேறு வேஷம் பூண்டு, இப்பொழுது மதிலுக்கு உள்ளேயே வேலை செய்து வருகிறது.

அந்த வேஷங்களைச் சொல்வதற்கு முன்னால், கிண்டியில் இருப்பது எத்தகைய வனம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அதைப் பார்த்தவர்களிலே பலர் ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள். வனம் என்றதும் வானளாவிய விருட்சங்களையும், அருவிகளையும், சூரிய கிரணம் புகாத நிழலையும் கற்பனை செய்துகொண்டு போகிறவருக்கு, இடுப்பளவும் ஆளுயரமும் உள்ள புதர்களும், காரையும் களாவும் காட்டு எலுமிச்சையும் பின்னிக்கிடக்கும் முள்ளடர்ந்த பரப்பும், அவற்றுக்கிடையே தலைதூக்கும் பனைகளும் ஒரு பாழ்நிலத்தைப் போலவே தோன்றும். சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு என்பது இதுதான். வருஷத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடித்துக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அந்த வறட்சியிலும் இலையை உதிர்த்துவிடாமல், தடித்த சிறிய இலைகளோடு தாக்குப்பிடிக்கும் செடிகொடிகளைக் கொண்டு, கடற்கரையை ஒட்டிய சமவெளியில் நெடுங்காலத்துக்கு முன்பே உருவான இந்தக் காட்டு வகை, மனிதன் மிகவும் விரும்பிக் குடியேறிய நிலத்திலேயே இருந்தபடியால், அநேகமாக அழிந்துபோய்விட்டது. விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பக்கங்களில் ஐயனாருக்கும் அம்மனுக்கும் பயந்து விட்டுவைத்த கோயில் காடுகளில் துணுக்குத் துணுக்காக அது பிழைத்திருக்கிறது. தலைநகரத்தின் நடுவே கவர்னர்களின் வேட்டை ஆசை அதில் ஒரு துண்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஐயனாரும் கவர்னரும் ஒரே கைங்கரியத்தைச் செய்தார்கள் என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று.

இந்தத் துண்டுக்குள்ளே 350-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன. வெளிமானும் புள்ளிமானும், குள்ளநரியும், கீரியும், மரநாயும், காட்டு முயலும், நட்சத்திர ஆமையும் வாசம் செய்கின்றன. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கேயிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி, தரையில் கிடக்கும் சருகுகளைக் கிளறிக்கொண்டு இங்கே சில மாதங்கள் தங்கிப் போகிறது. மும்பையிலே நகரத்தின் எல்லைக்குள் சிறுத்தைகள் உலவும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா 100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கிண்டியோ மூன்று சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாது. அந்த மகா வனத்தோடு இதை ஒப்பிட்டு ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. ஆயினும் சர்தார் பட்டேல் சாலையில் பேருந்துகள் முக்கி முனகிக்கொண்டு நகரும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இரும்புக் கூண்டோ தீனித் தொட்டியோ இல்லாமல், தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் நரி ஒன்று இருக்கிறது என்பதை அற்ப விஷயமாக நான் கருதவில்லை.

இனி நல்லெண்ணத்தின் வேஷங்கள். அவற்றில் முதலாவது மரம் நடுதல். நான் விருட்சங்களுக்கு விரோதியல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் கிண்டியின் பெருமைக்கு உரிய பிராணி வெளிமான். முறுக்கிய கொம்பும், கருத்த முதுகும், வெண்மையான அடிவயிறும் கொண்ட அதன் ஆணை ஒரு தடவை வெட்டவெளியில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த மானுக்கு வேண்டியது மரமல்ல, புல்வெளி. தூரத்திலேயே ஆபத்தைக் கண்டுகொள்ளும் கண்ணும், கண்டதும் காற்றாய்ப் பறக்கும் காலுமே அதன் கவசங்கள். கண்ணுக்கு மறைப்பாகவும் காலுக்குத் தடையாகவும் மரமும் புதரும் மண்டிவிட்டால், அந்தக் கவசங்கள் இரண்டும் பிரயோஜனமற்றுப் போகின்றன. நம் மாநிலத்தில் வெளிமானுக்குப் பேர்போன கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் திறந்த வெளிகள்தாம் அதை வாழவைத்திருக்கின்றன. கிண்டியில் அந்த உபகாரத்தைச் செய்தது போலோ மைதானம் என்று இன்னமும் வழங்கிவரும் புல்வெளி. துரைகள் குதிரையேறிப் பந்தாடுவதற்காகத் திறந்து வைத்திருந்த நிலம், அவர்கள் அறியாமலே ஒரு மானினத்துக்கு மானியமாக அமைந்தது. ஆட்டம் நின்ற பிறகு வெளியைத் திறந்து வைப்பதில் கவர்னருக்கு அக்கறையில்லை. காட்டை அடர்த்தியாக்குவதே காட்டுக்குச் செய்யும் சேவை என்று பொதுஜனங்களும் நம்பினார்கள். மரங்கள் உள்ளே நெருங்கி வர வர, வெளிமான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இதன் மறுபக்கம் புள்ளிமான். இது கிண்டியின் பூர்வீகக் குடியன்று, பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது என்பதே இயற்கை ஆராய்ச்சியாளர்களின் பொதுவான அபிப்பிராயம். மரநிழலிலும் புதரோரத்திலும் சௌகரியமாக வாழ்வது. புல்லும் மேயும், தழையும் கடிக்கும், உதிர்ந்த பழத்தையும் பொறுக்கும். அதைக் கொன்று தின்னும் சிறுத்தையோ புலியோ இங்கே கிடையாது. நரி எங்கேயாவது ஒரு குட்டியைத் தூக்கினால்தான் உண்டு. ஆகவே அது பெருகிற்று. பெருகிய புள்ளிமானைக் காண்கிறவர்கள், மான்கள் கொழிக்கின்றன, வனம் க்ஷேமமாக இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். இரண்டும் மான்தானே என்று நினைக்கிறவருக்கு இதில் ஒரு கஷ்டமும் தோன்றாது. சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே கிண்டியின் இருவகை மான்களையும் ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய அறிஞர்கள் இருக்கிறார்கள். எனினும் அந்த ஞானம் சஞ்சிகையிலிருந்து இறங்கிச் சாலைக்கு வந்தபாடில்லை.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, மற்ற இடங்களைப் போலவே கிண்டியிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. நகரம் துக்கம் கொண்டாடிற்று. துக்கத்தின் அடுத்த கட்டமாக, விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் பதில் கன்று நடவேண்டும் என்ற கோரிக்கை சங்கங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் எழுந்தது. சாலையோரத்துக்கு அது மிகவும் நியாயமான கோரிக்கை. வீட்டுத் தோட்டத்துக்கும் நியாயமே. ஆனால் ஒரு காட்டிலே மரம் விழுவது நஷ்டம் மாத்திரமன்று. மேலே கவிந்திருந்த பந்தல் பிரிந்து, நெடுநாள் வெயில் காணாத தரைக்கு வெயில் கிடைக்கிறது; புல் முளைக்கிறது; விதையாய் உறங்கிக் கிடந்தவை எழுகின்றன. அத்தகைய சந்தர்ப்பத்தில் காட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு, அந்நியச் செடிகள் மட்டும் புகுந்துவிடாமல் காவல் காப்பதே அறிவுடைமை. புகைப்படக்காரர்கள் புடைசூழக் குழி தோண்டிக் கன்று நடும் வைபவத்தில் இருக்கும் உற்சாகம், சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கும் அலுப்பான வேலையில் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கிண்டிக்கு வேண்டியது அந்த அலுப்பான வேலைதான். அந்நியத் தாவரங்களை அகற்றுவது பற்றித் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையே வகுத்திருப்பதால், இதற்குப் புதிய உத்தரவு ஏதும் தேவையில்லை.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், மயிலாப்பூரில் வாழ்ந்தவர், கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் காலமாகும் வரையில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதி வந்தவர். நம் காடுகளுக்கு அழகு சேர்க்கிறோம் என்று வெளிநாட்டு விருட்சங்களைக் கொண்டுவந்து நடுகிறவர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஒரு தேசத்தின் அடையாளம் அதன் கொடியில் இருப்பது போலவே அதன் புல்லிலும் முள்ளிலும் இருக்கிறது என்ற நிலையை எடுத்து, அதை விட்டு அவர் இறங்கவில்லை. அவருடைய பிடிவாதம் சிலருக்குச் சிடுசிடுப்பாகத் தோன்றியதுண்டு. காடுகளின் விஷயத்தில் சிடுசிடுப்பான சிநேகிதர்கள் இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது வேஷம் ஜீவகாருண்யம். ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையும் ஐ.ஐ.டி.யும் பூங்காவும் மான்களுக்கு ஒரே ராஜ்யமாக இருந்தன. 1980-களின் பிற்பகுதியில் இவற்றுக்கிடையே மதில்கள் எழுந்து, காடு துண்டுபட்டது. ஐ.ஐ.டி.யைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்லவேண்டும்: கட்டடங்கள் எழுப்பியதுபோக, பெற்ற காட்டில் கணிசமான பாகத்தைக் காடாகவே அது வைத்திருக்கிறது, நதிகளின் பெயர் தாங்கிய விடுதிகளுக்கு நடுவே புள்ளிமான் படுத்திருப்பது அங்கே அன்றாடக் காட்சி. ஆனால் ஆயிரக்கணக்கானவர் வசிக்கும் இடத்தில் எச்சில் இலையும் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் இரா. இறந்த மான்களின் இரைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கட்டியாக எடுக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகளில் பல முறை படித்திருக்கிறோம். 2022-ஆம் ஆண்டில் அந்த வளாகத்தில் இறந்த மான் ஒன்றில் அடைப்பான் நோய் கண்டறியப்பட்டுப் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. இவற்றோடு நாய்களின் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. தெருநாய்க்கு அன்புடன் சோறு வைப்பவர் ஒரு புறம்; அந்த நாய்க்கூட்டம் துரத்திக் கடித்த மானுக்காகக் கண்ணீர் விடுபவர் மறு புறம்; இருவரும் ஜீவகாருண்யத்தின் பெயராலேயே பேசுகிறார்கள். விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறிற்று.

என் தீர்ப்பை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு வேறு இடம் கொடுக்க முடியும். அதற்குக் காப்பகங்களும் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிமானுக்குச் சென்னையில் இதைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. ஆகையால் வனமும் வனத்தையொட்டிய வளாகங்களும் நாய்கள் இல்லாத இடங்களாக இருக்கவேண்டும். அவற்றைப் பிடித்து வேறிடத்தில் முறையாகப் பராமரிக்கும் செலவை வளாகங்களே ஏற்கவேண்டும். மானுக்கு வேலியோரத்தில் நின்று ரொட்டித்துண்டு நீட்டுகிற வழக்கமும் ஒழியவேண்டும். கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய மான், சாலைக்கு வரவும் பழகிவிடுகிறது.

மூன்றாவது வேஷம் கொஞ்சம் நுட்பமானது. அது வனத்துக்காக வாதாடுகிறவர்களிடமே குடிகொண்டிருக்கிறது. கிண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் எடுத்தவுடனே சொல்லும் வார்த்தை, அது நகரத்தின் நுரையீரல் என்பது. காற்றைச் சுத்திகரிக்கிறது; மழைநீரை உறிஞ்சி நிலத்தடியில் சேர்க்கிறது; கோடையில் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்குக் குளிர்ச்சி தருகிறது. எல்லாம் உண்மையே. ஆனால் பிரயோஜனத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு வனத்தை ஆதரிக்கிறவர், அதே அளவுகோலைக் கொண்டு வனத்தை எதிர்ப்பவர் வரும்போது நிராயுதபாணியாகிவிடுகிறார். ஐம்பது ஏக்கர் முட்புதர் தரும் காற்று பெரிதா, அதே இடத்தில் எழும் ஆஸ்பத்திரி காப்பாற்றும் உயிர்கள் பெரியனவா என்று ஒரு மந்திரி கேட்டால், சபையில் கைதட்டல் யாருக்குக் கிடைக்கும்? 1950-களிலிருந்து கிண்டி தோற்றுக்கொண்டே வந்தது இந்தக் கேள்வியிடம்தான். கல்லூரியைவிடக் காடு பிரயோஜனமானது என்று அன்று ஒருவராலும் நிரூபிக்க முடிந்திருக்காது, இன்றும் முடியாது.

வனத்தைக் கடைசியில் காத்து நின்றது பிரயோஜனத்தைப் பற்றிய வாதம் அன்று, சட்டம். 1977-இல் எஞ்சிய காடு வனத்துறையின் கைக்கு வந்து, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படி அறிவிக்கப்பட்ட பூங்காவின் எல்லையை ஒரு மாநில அரசு தன் இஷ்டத்துக்கு மாற்ற இயலாது; தேசிய வன உயிரின வாரியத்தின் சிபாரிசு இன்றி ஒரு சாண் நிலத்தையும் பிரித்துக் கொடுக்க முடியாது. இதன் மகிமை என்னவென்றால், நல்ல காரியங்களோடு வனத்தைத் தராசில் வைத்து நிறுக்கும் வேலையையே அது நிறுத்திவிட்டது. கேட்க வருகிறவர் எவ்வளவு உத்தமராயினும், கொடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். தாட்சணியம் மிகுந்த நம்மைப் போன்ற ஜனங்களுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறு இல்லை.

சட்டத்தின் காவல் மதிலோடு நின்றுவிடுகிறதே என்ற ஆக்ஷேபத்தில் நியாயம் உண்டு. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் சூழல் பாதுகாப்பு மண்டலம் இருக்கவேண்டும் என்று பொதுவிதி செய்தது. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது என்று கண்டு, 2023 ஏப்ரலில் தானே அதைத் தளர்த்திற்று. கிண்டியைப் பொறுத்தவரையில் தளர்த்தியதே விவேகம். இங்கே ஒரு கிலோமீட்டர் என்று கோடு கிழித்தால், கோட்டூரும் கிண்டியும் வேளச்சேரியின் ஒரு பாகமும் உள்ளே வந்துவிடும். லட்சம் குடும்பங்களைக் காட்டுக்கு விரோதிகளாக்குவதில் காட்டுக்கு என்ன லாபம்? அகலமான வட்டம் வேண்டியதில்லை. மதிலை ஒட்டிய இடங்களில் இரவு விளக்குகளின் உக்கிரத்தைக் குறைப்பது, ஒலிபெருக்கியைத் தவிர்ப்பது, மழைநீர் உள்ளே வந்துபோகும் வாய்க்கால்களை அடைக்காமலிருப்பது ஆகிய சில்லறைக் கட்டுப்பாடுகளை உறுதியாக அமல் செய்தாலே போதும். காந்தி மண்டப வளாகத்தில் இனிமேல் புதிய மண்டபம் எதுவும் இல்லை என்று எல்லாக் கட்சிகளும் கூடி ஒரு முடிவுக்கு வந்தால், அங்கே ஏற்கெனவே கௌரவிக்கப்பட்ட பெரியோர்களுடைய கௌரவமும் உயரும்.

நாற்புறமும் நகரம் நெருக்கும் வனத்துக்கு நிலம் திரும்பக் கிடைப்பது என்பது எங்கும் காணாத அபூர்வம். கிண்டிக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் வாசலில் வந்து நிற்கிறது. வனத்துக்கு மேற்கே, கூப்பிடு தூரத்திலுள்ள குதிரைப் பந்தய மைதானத்தை, 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தை, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கும் பொறுப்பைத் தோட்டக்கலைத் துறைக்கு அளித்தது. வெள்ளத்தைத் தாங்குவதற்காகக் குளங்களும் அங்கே வெட்டப்பட்டன. வழக்குகள் ஒரு புறம் நடந்துவந்தாலும், நிலம் பொதுஜனங்களுக்கே நிலைக்கும் என்று வைத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. பூங்கா என்றதும் அதிகாரிகளின் உள்ளத்தில் எழும் சித்திரம் நமக்குத் தெரியும்: வெட்டிச் சீராக்கிய வெளிநாட்டுப் புல்தரை, மலர்களால் அமைத்த மயில், இரவில் நிறம் மாறும் நீரூற்று, கண்ணாடிப் பாலம். குடும்பத்தோடு மாலைப்பொழுதைக் கழிக்க வருகிறவர்களுக்கு இவையெல்லாம் இன்பமளிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கென்று ஓர் ஓரத்தை ஒதுக்கிவிடட்டும்.

ஆனால் இத்தனை காலமும் குதிரைகள் ஓடுவதற்காகக் கட்டடமும் அடர்ந்த மரமும் இல்லாமல் திறந்தே வைத்திருந்த நிலம் அது. கிண்டி வனத்தில் எது குறைந்துகொண்டே வருகிறதோ, அந்தப் புல்வெளி அங்கே தயாராகக் கிடக்கிறது. போலோ மைதானத்துக்கு நேர்ந்தது போன்ற இன்னொரு எதிர்பாராத அதிர்ஷ்டம் என்றே இதைச் சொல்லவேண்டும். நாளைக்கே மான்களைச் சாலை கடத்திக் கொண்டுபோய் அங்கே விடவேண்டும் என்பது என் வாதம் அன்று; அதற்கு வனத்துறையின் நெடிய ஆலோசனை தேவை. நாட்டுப் புல்லும் புதிய குளங்களும் வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் முயலுக்கும் இடமளிக்கட்டும். வெளிமானின் சேதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இப்பொழுது முந்த வேண்டியது ஒன்றுதான். அரசின் பூங்காத் திட்டத்தில் பெரும்பகுதிக்கு மேலே புல்வெளி என்று எழுதி, மரக்கன்று நடும் விழாக்களை அந்த எல்லைக்குள் அனுமதிப்பதில்லை என்று ஓர் உத்தரவும் போட்டுவிட வேண்டும். தோட்டக்கலைத் துறையார் முதல் லாரிக் கன்றுகளை இறக்குவதற்கு முன்னால், கிண்டியில் பல வருஷம் ரோந்து சுற்றிய வனக்காவலர் ஒருவரை அழைத்துச் சென்று மைதானத்தைக் காட்டி, வெளிமான் எந்தப் புல்லை விரும்பிக் கடிக்கும், எதைத் தொடாமல் தாண்டிப் போகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அதற்கு டெண்டர் கோர வேண்டிய அவசியமும் இல்லை.